பட்டியலில் 34-வது பெயர்

புதுப் பள்ளியில் முதல் மாதத் தேர்வு முடிந்து மதிப்பெண் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். என் பெயரை மேலிருந்து தேடினேன். எனக்கு வேறு விதமாகத் தேடிப் பழக்கமில்லை. முதல் வரியைப் பார்ப்பேன், இருக்கும், திரும்பிவிடுவேன். அன்று முதல் வரியில் இல்லை. பத்து வரி இறங்கியும் இல்லை. இருபதைத் தாண்டியபோது என் பெயரை எழுத விட்டுவிட்டார்கள் என்றே நினைத்துவிட்டேன். ஆசிரியரிடம் போய்ச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். 48 பேர் இருந்த வகுப்பில் 34-வது வரியில் இருந்தது என் பெயர்.

அப்போது எனக்கு 13 வயது. கணிதத்திலும் அறிவியலிலும் கெட்டிக்காரப் பிள்ளைகளை நுழைவுத்தேர்வு வைத்துப் பொறுக்கியெடுத்து, ஹாஸ்டலில் தங்கவைத்துப் படிக்கவைக்கும் தனிப் பள்ளி அது. கடைசி வகுப்புவரை அங்கேதான் படித்தேன். என் தம்பி மூன்று வருடம் கழித்து அதே நுழைவுத்தேர்வை எழுதினான். இரண்டு மதிப்பெண்ணில் தவறிப்போய், நாங்கள் இருவரும் ஆரம்பத்தில் படித்த சாதாரணப் பள்ளியிலேயே படிப்பை முடித்தான். காலம் ஓடி, என் மகளுக்கு 12 வயதானபோது அதே மாதிரியான வேறொரு பள்ளியிலிருந்து சேர்க்கைக் கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் சந்தோஷப்படாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து வீட்டில் எல்லோருக்கும் எரிச்சல். அப்போது என் மனதில் ஓடியதையும் அதற்கப்புறம் நாங்கள் செய்ததையும்தான் எழுதப்போகிறேன்.

அந்த 34-வது வரியிலிருந்தே தொடங்குகிறேன். நான் ஒன்றும் முட்டாளாகிவிடவில்லை. முந்தைய மாதம் எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த மாதமும் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆட்கள்தான் மாறியிருந்தார்கள். ஆனாலும் மூன்று மாதம் நான் வகுப்பில் கையைத் தூக்கவே இல்லை. விடை தெரிந்தாலும் தூக்கவில்லை, யாராவது என்னைவிட நல்ல விடை வைத்திருப்பார்கள் என்று. "ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை" என்பார்கள். நான் சர்க்கரை இல்லை, வெறும் இலுப்பைப்பூ என்று இரவில் போர்வைக்குள் முடிவு செய்துகொண்டேன்.

இது என் ஒருத்தியின் பலவீனம் இல்லை என்று தெரியவர எனக்கு இருபது வருடம் ஆனது. ஹெர்பர்ட் மார்ஷ் என்ற உளவியலாளர் 1980-களிலேயே இதை எழுதியிருக்கிறார். ஒரே திறமையுள்ள இரண்டு பிள்ளைகளில் ஒருவர் சராசரி வகுப்பிலும் மற்றவர் கெட்டிக்காரர்கள் நிறைந்த வகுப்பிலும் உட்கார்ந்தால், இரண்டாமவர் தன் திறமையைக் குறைத்து எடைபோடுகிறார். சின்னக் குளத்துப் பெரிய மீன் என்று இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். 2003-ல் மார்ஷும் கிட்-டாய் ஹாவும் 26 நாடுகளைச் சேர்ந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட 15 வயது மாணவர்களின் விவரங்களை வைத்துப் பார்த்தபோதும் இதுவேதான் தெரிந்தது. பிள்ளைகள் தங்களைத் தங்கள் வகுப்போடுதான் ஒப்பிடுகிறார்கள், உலகத்தோடு இல்லை. நமக்கு இது பழைய விஷயம்தான். எலிக்குத் தலையா, புலிக்கு வாலா என்று எத்தனை திண்ணைகளில் வாதாடியிருக்கிறார்கள்.

இதில் எனக்கு இன்றும் ஆறாத விஷயம், யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை என்பது. 48 பேரில் 24 பேர் கீழ்ப்பாதியில்தான் இருந்தாக வேண்டும் என்ற சின்னக் கணக்கை, கணிதத்துக்கென்றே நடத்தும் பள்ளியில் ஒருவரும் எங்களிடம் சொல்லவில்லை. அந்த 24 பேரும் அதற்கு முன் முதல் ரேங்க் வாங்கியவர்கள். சேர்க்கை நாளில் சொல்லியிருக்கலாம்: "உங்களில் பாதிப்பேர் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பின்னால் நிற்கப்போகிறீர்கள், அதனால் ஒன்றும் கெட்டுவிடாது" என்று. ஒரு நிமிடம் ஆகியிருக்கும். பிள்ளையை இப்படிப்பட்ட பள்ளிக்கு அனுப்புகிறவர்கள், பள்ளி சொல்லட்டும் என்று காத்திருக்காமல் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். பூசி மெழுகாமல், எண்ணைச் சொல்லியே சொல்லுங்கள்.

இன்னொன்று. நான் சேர்ந்ததும் அப்பா என் படிப்பைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டார். அதுவரை தினமும் நோட்டைப் புரட்டிப் பார்ப்பவர். "இனி அவங்க பார்த்துப்பாங்க, பெரிய பள்ளிக்கூடம்" என்று நிம்மதியாகிவிட்டார். ருமேனியாவில் உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கையை ஆராய்ந்து போப்-எலெச்செஸ், உர்கியோலா என்ற இருவர் 2013-ல் எழுதிய கட்டுரையைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கட்-ஆஃபை ஒட்டி நல்ல பள்ளியில் இடம் பிடித்த பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண் கொஞ்சம் கூடியிருக்கிறது. ஆனால் அவர்களின் பெற்றோர் வீட்டுப்பாடத்தில் உதவுவதைக் குறைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளைகளோ கூடப் படிப்பவர்களைவிடத் தாங்கள் பலவீனம் என்று உணர்ந்து ஒதுங்கியிருக்கிறார்கள். அப்பாவை நான் மன்னித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

சரி, இவ்வளவு குறை சொல்கிறவள் ஏன் பாதியில் திரும்பி வரவில்லை என்று கேட்கலாம். அதற்குக் காரணம் ஒரு சதுரத்தாள்.

நான்காவது மாதம் கணித ஆசிரியர் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். எட்டுக்கு எட்டாக 64 கட்டம் போட்ட வெறும் தாள். ஒரு மூலைக் கட்டத்தையும் அதற்கு நேரெதிர் மூலைக் கட்டத்தையும் வெட்டி எறியச் சொன்னார். மீதி 62 கட்டம். ஒவ்வொன்றும் பக்கத்துப் பக்கத்து இரண்டு கட்டங்களை மூடும் அளவில் 31 காகிதத் துண்டுகள் இருக்கின்றன. இவற்றை வைத்து முழுத்தாளையும் மூட முடியுமா? முடியும் என்றால் மூடிக் காட்டு, முடியாது என்றால் ஏன் என்று சொல். மதிப்பெண் கிடையாது, கால வரம்பு கிடையாது. சொல்லிவிட்டு அவர் வழக்கமான பாடத்துக்குப் போய்விட்டார்.

என் பெஞ்சில் என்னோடு உட்கார்ந்திருந்தவள் பட்டியலில் 41-வது. இருவருமே வாயைத் திறக்காத ஆட்கள். அன்று மாலை ஹாஸ்டல் வராந்தாவில் அவள் காகிதத் துண்டுகளை நறுக்கிக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்தேன். ஒன்பது நாள். ஒவ்வொரு தடவையும் கடைசியில் ஒட்டாத இரண்டு கட்டங்கள் தனித்தனியாக மிஞ்சின. நான் வேறு வேறு விதமாக அடுக்கிக்கொண்டே போனேன். அவள் நான்குக்கு நான்கு தாளில் முயன்று பார்த்தாள். "நீ எப்பவும் மூலையிலிருந்தே ஆரம்பிக்கறடி" என்று அவள் என்னைத் திட்டுவாள். "நீ சின்னதிலேயே குண்டுச்சட்டியில குதிரை ஓட்டறே" என்று நான் அவளைத் திட்டுவேன். ஒன்பதாம் நாள் இரவு, மிஞ்சும் இரண்டு கட்டங்களில் எல்லா முறையும் பேனாவால் குறி போட்டுக்கொண்டே வந்தவள் திடீரென்று நிறுத்தினாள். குறிகள் ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டமாகத்தான் விழுந்திருந்தன. சதுரங்கப் பலகையில் ஒரே நிறக் கட்டங்கள் இருக்கும் அதே மாதிரி.

அப்புறம் நடந்தது ஐந்து நிமிடம்தான். தாளைச் சதுரங்கப் பலகைபோல் இரண்டு நிறமாக்கினால் ஒவ்வொரு துண்டும் ஒரு கறுப்பையும் ஒரு வெள்ளையையும் மூடும். வெட்டி எறிந்த இரண்டு மூலைகளும் ஒரே நிறம். ஆக ஒரு நிறத்தில் 32 கட்டம், மற்றதில் 30. எத்தனை ஜென்மம் அடுக்கினாலும் மூட முடியாது. வார்டன் வந்து விளக்கை அணைக்கச் சொன்னார். இருட்டில் படுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் சத்தம் வராமல் சிரித்தது இன்னும் நினைவிருக்கிறது.

அந்தத் தனிப் பள்ளி எனக்குக் கொடுத்தது இதுதான். ஆய்வுக்கூடம் நன்றாக இருந்தது, நூலகம் பெரிது. அதெல்லாம் காலப்போக்கில் மங்கிவிட்டது. ஒரு கணக்குக்காக ஒன்பது நாள் என்னோடு சண்டை போட ஒருத்தி கிடைத்தாள் என்பது மங்கவில்லை. பழைய பள்ளியில் அப்படி ஒரு கணக்கை நான் கொண்டுபோயிருந்தால் "இது பரீட்சைக்கு வருமா?" என்று கேட்டிருப்பார்கள். அங்கேயும் கேட்டவர்கள் உண்டு, ஆனால் கேட்காதவர்களும் இருந்தார்கள்.

தம்பியின் கதை வேறு. சாதாரணப் பள்ளியில் கடைசிவரை அவன்தான் முதல். எல்லோருக்கும் கணக்குச் சொல்லிக்கொடுப்பான். ஒரு விஷயத்தை ஐந்து விதமாக விளக்கும் திறமை அவனுக்கு அங்கேதான் வந்தது. அது எனக்கு இன்றுவரை வரவில்லை. ஆனால் அவனைத் திணறடிக்கும் கணக்கு ஒன்றுகூட அந்தப் பள்ளியில் அவனுக்கு வரவில்லை. கல்லூரி முதல் வருடத்தில் வந்தது. இரண்டு தாள்களில் தோற்றுப்போய்விட்டான். திணறினால் என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அதற்கு முன் திணறியதே இல்லை. "அக்கா, நீ 13 வயசுல அழுததை நான் 18 வயசுல அழுதேன், அவ்வளவுதான்" என்று பிற்பாடு சொன்னான். இரண்டாம் வருடத்தில் எழுந்து நின்றுவிட்டான். இன்று எங்கள் இருவரையும் அருகருகே நிறுத்தினால் யார் தனிப் பள்ளியில் படித்தவர் என்று யாராலும் சொல்ல முடியாது. சம்பளம் என்று பார்த்தால் அவனுக்குத்தான் அதிகம்!

இதுவும் எங்கள் வீட்டோடு நின்ற அதிசயம் இல்லை. பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் நுழைவுத்தேர்வு வைத்துச் சேர்க்கும் புகழ்பெற்ற அரசுப் பள்ளிகள் உண்டு. அப்துல்காதிரோக்ளு, ஆங்ரிஸ்ட், பாத்தக் என்ற பொருளியலாளர்கள் மூவரும் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், கட்-ஆஃபுக்குச் சற்று மேலே இருந்து உள்ளே போனவர்களையும் சற்றுக் கீழே இருந்து தவறவிட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். எங்களைப் போன்ற அக்கா தம்பிக் கணக்குதான், ஆயிரக்கணக்கில். பிற்காலத் தேர்வு மதிப்பெண்ணிலோ, சேர்ந்த கல்லூரியின் தரத்திலோ பெரிய வித்தியாசம் எதுவும் கிடைக்கவில்லை. நியூயார்க் பள்ளிகளை டாபி, ஃப்ரையர் என்ற வேறு இருவர் தனியாக ஆராய்ந்தபோதும் ஏறக்குறைய அதே முடிவு. அந்தப் பள்ளிகளில் ஒன்றான பிராங்க்ஸ் அறிவியல் பள்ளி 1938-ல் தொடங்கியது. அங்கே படித்தவர்கள் பலர் நோபல் பரிசு வாங்கியிருக்கிறார்கள். அதைக் காட்டித்தான் தனிப் பள்ளிக்கு வக்காலத்து வாங்குவார்கள். ஊரிலேயே கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கி ஒரே கட்டிடத்தில் வைத்தால் அந்தக் கட்டிடத்திலிருந்து பெரிய ஆட்கள் வரத்தான் செய்வார்கள். அதில் கட்டிடத்தின் பங்கு எவ்வளவு என்பதல்லவா கேள்வி?

ஆனால் இந்த ஆய்வை வைத்துக்கொண்டு எல்லாத் தனிப் பள்ளியும் வீண் என்று சொல்கிறவர்களோடும் எனக்கு ஒத்துவராது. கட்-ஆஃபை ஒட்டி நின்றவர்களைப் பற்றித்தான் அது பேசுகிறது. வெகு மேலே இருக்கும் பிள்ளைக்கு என்ன ஆகிறது என்று அது சொல்லாது. அதோடு, பெருநகரத்தில் இந்தப் பள்ளியில் இடம் கிடைக்காதவனுக்கு அடுத்த தெருவில் வேறொரு நல்ல பள்ளி இருக்கும். எதுவுமே இல்லாத இடத்துப் பிள்ளைக்குக் கணக்கு வேறு. கொல்மகோரவ் என்ற பெரிய கணிதமேதை 1963-ல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தோடு சேர்த்து ஒரு விடுதிப் பள்ளி தொடங்கச் செய்து, தானே வகுப்பும் எடுத்தார். அது மாஸ்கோப் பிள்ளைகளுக்காக இல்லை. தலைநகரத்தில் பிள்ளைகள் கூடிக் கணக்குப் போடும் கணித வட்டங்கள் ஏற்கெனவே இருந்தன. அவை எட்டாத தூரத்து ஊர்களிலும் கிராமங்களிலும் இருந்த பிள்ளைகளைத் தேடி அழைத்துவந்தார்கள். என் பெஞ்சுத் தோழியும் அப்படி ஓர் இடத்திலிருந்து வந்தவள்தான். அவள் வகுப்பில் மொத்தமே பதினோரு பேர். கணக்கில் ஆர்வமுள்ள இன்னொரு மனுஷியை அவள் முதன்முதலாகப் பார்த்ததே என்னைத்தானாம். அவளைப் போன்ற பிள்ளைக்குத் தனிப் பள்ளி வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இப்போது மகளிடம் வருகிறேன்.

கடிதம் வந்த வாரம் பள்ளியைச் சுற்றிப்பார்க்க அழைத்தார்கள். போனோம். எல்லா இடத்திலும் நடப்பதுபோலவே நன்றாகப் பேசும் இரண்டு முதல் ரேங்க் மாணவர்களைக் கூட அனுப்பினார்கள். ஆய்வுக்கூடம், கோப்பைகள், சுவரில் சாதித்தவர்களின் புகைப்படங்கள். எல்லாம் பார்த்து முடித்ததும், "முப்பதாவது ரேங்கில் இருக்கிற பிள்ளை ஒருவரோடு பத்து நிமிடம் பேசலாமா?" என்று கேட்டேன். சுற்றிக்காட்டியவருக்குப் புரியவில்லை. "அந்தப் பிள்ளையை எதுக்கு மேடம் பார்க்கணும்?" என்றார். என் மகளுக்கு அங்கே அந்த இடம்தான் கிடைக்க வாய்ப்பு அதிகம் என்றேன். மகள் என்னை முறைத்தாள். கொஞ்சம் இழுபறிக்கு அப்புறம் ஒரு பெண்ணை வரச் சொன்னார்கள். பதினான்கு வயது இருக்கும். நல்ல பெண், மரியாதையாகப் பேசினாள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றாள். கிளம்பும்போது என் மகளிடம் மட்டும் மெதுவாகச் சொல்லியிருக்கிறாள்: "இங்க வந்தப்புறம் நான் கேள்வி கேக்கறதை நிறுத்திட்டேன்."

அந்த வாக்கியம்தான் முடிவெடுக்க உதவியது. அந்தப் பெண் தோற்றுவிட்டாள் என்று நான் நினைக்கவில்லை. நானும் மூன்று மாதம் நிறுத்தியவள்தானே. ஆனால் அவள் இரண்டு வருடமாக நிறுத்தியிருக்கிறாள், அது ஒருவர் கண்ணிலும் படவில்லை. அதன் பிறகு பள்ளி அலுவலகத்தில் நான் கேட்ட கேள்விகள் எல்லாம் இதைச் சுற்றித்தான். கீழ்ப்பாதியில் இருப்பவர்களுக்காகத் தனியாக என்ன செய்கிறீர்கள்? பாதியில் விலகுகிறவர்கள் வருடத்துக்கு எத்தனை பேர், ஏன் போகிறார்கள்? ரேங்க் பட்டியலைச் சுவரில் ஒட்டுகிறீர்களா? வகுப்பில் மதிப்பெண் இல்லாத கணக்கு எப்போதாவது கொடுப்பதுண்டா? ஒரு கேள்விக்குத்தான் தெளிவான பதில் வந்தது: பட்டியலை ஒட்டுகிறார்களாம், மாதம் இரண்டு முறை. பெருமையாகவே சொன்னார்கள்.

போகவேண்டாம் என்று முடிவு செய்தோம். சரியாகச் சொன்னால், இப்போது வேண்டாம் என்று. 12 வயதில் ஒரு பிள்ளையைப் பற்றி யாருக்கு என்ன தெரியும்? ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் 10 வயதிலேயே பிள்ளைகளை வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரித்துவிடுகிறார்கள். பின்லாந்தும் ஒரு காலத்தில் 11 வயதை ஒட்டிப் பிரித்துக்கொண்டிருந்த நாடுதான். 1972 முதல் 1977 வரை வட்டாரம் வட்டாரமாக அதை நிறுத்தி, 16 வயதுவரை எல்லோருக்கும் ஒரே பள்ளி என்று ஆக்கினார்கள். அதற்கு அப்புறம், மேல்நிலையில், கணிதத்துக்கும் இசைக்கும் தனிப் பள்ளிகள் அங்கேயும் உண்டு. கேட்க எளிமையாக இருக்கிறது: பிரிக்கலாம், ஆனால் தாமதமாகப் பிரி. எனக்கு அது சரியென்று பட்டது. 16 வயதுப் பிள்ளை தானே ஆசைப்பட்டுப் போகிறது. 12 வயதுப் பிள்ளையை நாம் அனுப்புகிறோம்.

ஒருநாள் தேர்வை நான் அவ்வளவாக நம்பாததற்கும் காரணம் இருக்கிறது. 1921-ல் லூயிஸ் டெர்மன் என்ற உளவியலாளர் கலிபோர்னியாவில் நுண்ணறிவுத் தேர்வு வைத்து, மேதையாக வரக்கூடியவர்கள் என்று ஏறக்குறைய 1,500 பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, வாழ்நாள் முழுவதும் கவனித்துவந்தார். அவர்களில் ஒருவருக்கும் நோபல் கிடைக்கவில்லை. ஆனால் கட்-ஆஃபைத் தொடாமல் நிராகரிக்கப்பட்ட இரண்டு பையன்களுக்குக் கிடைத்தது. 1956-ல் வில்லியம் ஷாக்லி, 1968-ல் லூயிஸ் ஆல்வாரெஸ், இருவருக்கும் இயற்பியலில். தம்பி தவறவிட்ட இரண்டு மதிப்பெண்ணுக்கு இந்தக் கதையை எத்தனை தடவை அம்மாவிடம் சொல்லியிருப்பேன்! அம்மா ஒருநாளும் சமாதானம் ஆகவில்லை, அது வேறு.

வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்க முடியாதே. மகளுக்கு வகுப்பில் போரடித்தது உண்மை. புதிய பாடம் தொடங்கி இரண்டு நாளில் முடித்துவிட்டு மீதி இரண்டு வாரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தலைமை ஆசிரியையிடம் போய்ப் பேசினேன். முதல் தடவை நடக்கவில்லை; ஒருவருக்குச் செய்தால் எல்லோரும் கேட்பார்கள் என்றார். இரண்டாம் தடவை வகுப்பாசிரியரையும் கூட்டிக்கொண்டு போனேன். கணிதப் பாடவேளைக்கு மட்டும் இரண்டு வகுப்பு மேலே போய் உட்கார அனுமதித்தார்கள். மற்ற நேரமெல்லாம் தன் வகுப்பிலேயே. இது நானே கண்டுபிடித்தது இல்லை. 1971-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்டான்லி கணிதத்தில் அசாத்தியத் திறமையுள்ள பிள்ளைகளுக்காக ஒரு திட்டம் தொடங்கியபோது, கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி. தேர்வை 12, 13 வயதுப் பிள்ளைகளுக்கு வைத்துப் பார்த்தார். யார் எந்தப் பாடத்தில் எவ்வளவு முன்னால் இருக்கிறார்களோ அந்தப் பாடத்தில் அவ்வளவு வேகமாகப் போகவிடுவதுதான் அவர் வழி. வேகம் வேண்டிய இடத்தில் மட்டும் வேகம். இதற்குத் தனிக் கட்டிடம் வேண்டாம், கால அட்டவணையைக் கொஞ்சம் மாற்றினால் போதும். அந்தக் கொஞ்ச மாற்றம்தான் பள்ளிகளுக்குக் கசக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வகுப்புகளின் கணிதப் பாடவேளையை ஒரே நேரத்துக்குக் கொண்டுவர எங்களுக்கு ஒரு பருவம் முழுதும் பிடித்தது.

மேல்வகுப்பில் போய் உட்கார்ந்ததில் வேகம் கிடைத்தது, துணை கிடைக்கவில்லை. பெரிய பிள்ளைகள் இவளைச் செல்லமாக நடத்தினார்கள், சரிசமமாக இல்லை. அதனால் சனிக்கிழமை ஒரு மணி நேரம் காலி வகுப்பறை ஒன்று கேட்டு வாங்கினேன். மதிப்பெண் கிடையாது, ரேங்க் கிடையாது, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று ஒரு தாள் ஒட்டினோம். பதினான்கு பேர் வந்தார்கள். அடுத்த வாரம் பதினொன்று. கடைசியில் ஒன்பது பேர் நிலைத்தார்கள். நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளைகள் சிலர்தான் முதலில் வருவதை நிறுத்தியவர்கள், "இதனால் என்ன கிடைக்கும்?" என்று அவர்கள் வீட்டில் கேட்டிருப்பார்கள்போல.

மூன்றாவது வாரம் அந்தப் பழைய சதுரத்தாளைக் கொடுத்தேன். எட்டுக்கு எட்டு, இரண்டு மூலை வெட்டியது. என் மகள் பாய்ந்து பாய்ந்து அடுக்கினாள், என்னைப் போலவே மூலையிலிருந்து. இரண்டு வாரம் கழித்து ஒரு பையன் வந்து நின்றான். வகுப்பில் அவன் முதல் பத்தில் ஒருநாளும் வந்ததில்லை. எழுதுவதில் மெதுவானவன், தேர்வில் பாதிக் கேள்வியைத் தொடவே மாட்டான். "ஆன்ட்டி, இதை செஸ் போர்டு மாதிரி கலர் அடிச்சிட்டா, நாம வெட்டினது ரெண்டும் ஒரே கலர்தானே?" என்றான். நான் பதில் சொல்லவில்லை, சொல்ல முடியவில்லை. மகள் எழுந்து வந்து அவன் தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். அன்றிலிருந்து சனிக்கிழமை மட்டுமில்லை, இடைவேளையிலும் இருவரும் தாளும் கையுமாகத் திரிந்தார்கள். எந்த நுழைவுத்தேர்வும் அந்தப் பையனைத் தேர்ந்தெடுத்திருக்காது. என் மகள் 12 வயதில் தனிப் பள்ளிக்குப் போயிருந்தால் அவனைச் சந்தித்திருக்கவும் மாட்டாள்.

கெட்டிக்காரப் பிள்ளைகள் போய்விட்டால் மீதி வகுப்பு வாடிப்போகும் என்று ஒரு வாதம் உண்டு. என் அனுபவத்தில் அது பாதிதான் உண்மை. நான் பழைய பள்ளியை விட்டுப் போனதும், எப்போதும் இரண்டாவதாக இருந்தவள் முதலிடத்துக்கு வந்து, அதுவரை யாரும் பார்க்காத அளவுக்கு மலர்ந்தாள். என் நிழலில் இருந்திருக்கிறாள், பாவம்; எனக்கே தெரியாது. ஒருவர் இருவர் போவதால் வகுப்பு சாகாது. ஆனால் வருடாவருடம் ஆறேழு பேரை அரித்தெடுத்தால், கேள்வி கேட்கத் துணியும் பிள்ளைகள் ஒரேயடியாகக் குறைந்துவிடுகிறார்கள். தம்பி கடைசி வருடத்தில் அப்படி ஒரு வகுப்பில்தான் உட்கார்ந்திருந்தான். ஆசிரியர்களும் சலித்துப்போயிருந்தார்கள் என்பான்.

மகள் 15 வயதில் தானாகவே விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். முன்பு பார்த்த பள்ளி இல்லை. மேல்நிலை வகுப்புகள் மட்டும் உள்ள இன்னொன்று. இந்த முறை சுற்றிப்பார்க்கப் போனபோது முப்பதாவது ரேங்க் மாணவரைக் கேட்டது அவள். ரேங்க் பட்டியல் ஒட்டுவதில்லை, மதிப்பெண்ணைத் தனித்தனியாகக் கொடுப்போம், கேட்டால் மட்டும் இடத்தைச் சொல்வோம் என்றார்கள். ஒத்துவரவில்லை என்றால் முதல் பருவத்துக்குள் திரும்பி வந்துவிடலாம் என்று பழைய பள்ளியிடம் முன்பே பேசி வைத்தோம். இதை யார் செய்தாலும் நல்லது. திரும்பி வர ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை கொஞ்சம் தைரியமாகவே உள்ளே போகும். வாராவாரம் நோட்டைப் பார்க்க முடியாது, ஆனால் அந்த வாரம் எந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டாள் என்று கேட்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மதிப்பெண் என்ன என்று கேட்பதில்லை என்றும்.

முதல் தேர்வு முடிந்த ஞாயிற்றுக்கிழமை போனுக்காகக் காத்திருந்தேன். சொல்லவேண்டியதை எல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்: பாதிப்பேர் கீழ்ப்பாதியில்தான் இருந்தாக வேண்டும், நான் 34-வது, உன் மாமா இரண்டு தாளில் போனவர், இத்யாதி. போன் வந்தது. பக்கத்து அறையில் ஒருத்தி இருக்கிறாளாம், இவள் போட்ட நிரூபணத்தில் ஓட்டை கண்டுபிடித்துவிட்டாளாம், அடைத்தால் அடுத்த நாள் இன்னொரு ஓட்டையோடு வருகிறாளாம். பதினைந்து நிமிடம் அதேதான். தடிமனான போர்வை ஒன்று அனுப்பச் சொன்னாள். ரேங்க் பற்றிப் பேச்சே இல்லை. கேட்கக்கூடாது என்று இருந்த நான்தான் கடைசியில் கேட்டுத் தொலைத்தேன்.

"அதுவா? இருபத்தொன்பதோ என்னவோ சொன்னாங்கம்மா. சரி, மணி அடிச்சிட்டாங்க, அவ வெளியில நிக்கறா. வெச்சுடறேன்."